பதினோராவது சிப்பி

அத்தியாயம் 14

பிரஷாந்தியின் குசினி வாசலிலிருந்து தங்கை விதுர்ஷாவின் குசினி வாசல் இருபத்திரண்டு அடி. நடுவில் ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், உடுப்புக் காயப்போடும் கயிறு. வேலி இல்லை. ஆரையம்பதியில் இருந்த ஒரே வளவை இரண்டாக்கி, இரண்டு பெண்களுக்கும் சீதனமாக வீடு கட்டிக் கொடுத்த தகப்பனுக்கு வேலி என்கிற யோசனையே வந்திருக்காது. இந்தப் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அக்காவும் தங்கையும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் எதற்கு வேலி?

அந்த இருபத்திரண்டு அடியை ஆறு நாட்களாக விதுர்ஷா தாண்டவில்லை.

போன வியாழக்கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மறந்திருந்தாலும் பாதகமில்லை. வாவிக்கரையில் பிரஷாந்தி நடத்தும் ‘தளிர்’ பகல் பராமரிப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள். தை மாதத்தோடு அங்கே பத்து மணிக்குக் கொடுக்கும் பேக்கரிப் பணிசும் சீனி தூக்கலான பால்தேத்தண்ணியும் நின்றுபோயின. அவித்த கௌபிப் பயறும் இலைக்கஞ்சியும் பப்பாசியும் வந்தன. பின்னேரத் தொலைக்காட்சி நின்றது. பிள்ளைகள் வாவிக்கரையில் நண்டு நடை நடந்தார்கள், பழைய டயர் உருட்டினார்கள், சிப்பி பொறுக்கினார்கள்.

மூன்று மாதம் கழிந்து, குடும்பநல உத்தியோகத்தர் றுமானா மிஸ் காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து எல்லோரையும் தராசில் நிறுத்தார். முன்பு மேலே துள்ளிக்கொண்டிருந்த ஏழு பிள்ளைகளின் நிறைக் கோடு அடங்கியிருந்தது. ஒரே ஒரு கோடு மட்டும் வளர்ச்சிப் புத்தகத்தின் பச்சைப் பட்டையை விட்டு வெளியே ஏறியிருந்தது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ. அது விதுர்ஷாவின் நாலு வயது மகள் யது என்கிற யதுர்ஷிகாவின் கோடு.

பெற்றோர் குழுத் தலைவர் யோகராசா இதை விடுவாரா? அவர் இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன், அதைவிட முக்கியமாகப் பேக்கரிக்காரர். நிறுத்தப்பட்ட பணிஸ் அவருடைய பணிஸ். “டீச்சர்ட சொந்தத் தங்கச்சிட பிள்ளையே ஊதுது. அப்ப இந்தக் கௌபியால ஆருக்குப் பிரயோசனம்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

அதைவிட மோசமானது விதுர்ஷா கேட்டது. “என்ட பிள்ளைய வச்சா பரீட்சை பாக்கிறாய்? அங்க பசியோட கிடந்துபோட்டு வந்துதான் வீட்ட அள்ளித் தின்னுது.”

அடுத்த வியாழன் நாலு மணிக் கூட்டத்தில் காரணம் சொல்கிறேன் என்று பிரஷாந்தி வாக்குக் கொடுத்தாள். சொல்ல முடியாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து பணிஸ், தேத்தண்ணி, தொலைக்காட்சி எல்லாம் திரும்பி வரும்.

அந்த வியாழன் இன்றைக்குத்தான். அவள் கையில் ஒரு காரணமும் இல்லை.

ஆறு நாளாக அவள் தேடாத இடமில்லை. நிலையத்தில் யதுவின் தட்டை அளந்து பார்த்தாள். மற்றப் பிள்ளைகளின் தட்டில் கை வைக்கிறாளா என்று பார்த்தாள். புத்தகப் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தாள், அரைவாசி தின்ற கலர் பென்சில்தான் கிடைத்தது. பிள்ளை எல்லோரையும் போலத்தான் சாப்பிட்டாள், எல்லோரையும் போலத்தான் ஓடினாள். பிறகு எங்கிருந்து வந்தது இரண்டு கிலோ?

நேற்றுப் பின்னேரம் பிள்ளைகள் பொறுக்கிய சிப்பி வாளியைக் கழுவும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

காலை ஐந்தே முக்கால். கொட்டாவி விட்டுக்கொண்டு யது குசினிக்குள் வந்தாள். தாய் குளிக்கப்போகும் நேரம் பார்த்துப் பெரியம்மாவிடம் வந்துவிடுவது அவள் வழக்கம். பெரியவர்களின் கோபம் பிள்ளையின் காலைக் கட்டவில்லை.

“இஞ்ச வா மனே. உனக்கொரு விளையாட்டு வச்சிரிக்கன்.”

நூல் கோத்த சின்னச் சிவப்புப் பை ஒன்றை அவள் கழுத்தில் போட்டாள் பிரஷாந்தி. சட்டைப் பையில் பத்து வாவிச் சிப்பிகளை எண்ணிப் போட்டாள். எல்லாம் சாம்பல் நிறம், விரல் நகத்தளவு.

“இண்டைக்கு ஆரு உனக்கு என்ன தின்னக் குடுத்தாலும், குடிக்கக் குடுத்தாலும், சட்டைப் பையில இருந்து ஒரு சிப்பிய எடுத்து இந்தச் சிவப்புப் பைக்குள்ள போடு. தண்ணிக்குப் போடவேணாம். விளங்கினதா?”

“ஆரு குடுத்தாலும்?”

“ஆரு குடுத்தாலும்.”

“அம்மா குடுத்தா?”

“அம்மா குடுத்தாலும்தான். ஆனா ஒருத்தருக்கும் சொல்லாத. இது நம்மட ரகசியம்.”

யது தலையை ஆட்டினாள். ரகசியம் என்ற சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்பது முகத்தில் தெரிந்தது.

பத்துச் சிப்பி கூடிப்போய்விட்டதோ என்று பிரஷாந்திக்குத் தோன்றியது. ஒரு சின்னப் பிள்ளை ஒரு நாளில் ஐந்து தரம் சாப்பிடும், ஆறு தரம் சாப்பிடும். மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

அவள் வேலையைத் தொடங்கினாள். நிலையத்தின் காலைச் சாப்பாடு இந்தக் குசினியில்தான் ஆகிறது, பிறகு பெரிய வாளிகளில் ஓட்டோவில் போகிறது. வல்லாரையை அரைத்து ஊற்றி, கஞ்சி கொதித்து வந்தது. அகப்பையில் கொஞ்சம் அள்ளிச் சின்னக் கோப்பையில் ஆற்றிக் கொடுத்து, “உப்புச் சரியா பாரு மனே,” என்றாள். யது உதட்டை நக்கிக்கொண்டு சரி என்றாள். கௌபியில் தேங்காய்ப்பூ போட்டதும் ஒரு கிண்ணத்தில் அதையும் கொடுத்தாள். பின்னேரத்துக்குக் குரக்கன் மாவில் சக்கரை சேர்த்து உருண்டை பிடித்தபோது முதல் உருண்டை யதுவின் கையில் உடைந்தது. பப்பாசி இனிக்கிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்கும் ஒரு துண்டு. பிரஷாந்தியின் மனம் முழுக்க நாலு மணிக் கூட்டத்தில்தான் இருந்தது. கை தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது.

ஆறே முக்காலுக்கு யது தன் வீட்டுக்கு ஓடினாள். பிரஷாந்தி பாத்திரம் கழுவும் சாட்டில் ஜன்னலடிக்கு வந்தாள். எட்டிப் பார்ப்பது அவள் குணம் அல்ல. ஆனால் இன்றைக்குக் குணம் பார்க்க நேரமில்லை.

கிணற்றடிக்கு அப்பால் விதுர்ஷா பிள்ளைக்குப் பால்தேத்தண்ணி கொடுத்தாள், இரண்டு பிஸ்கட்டோடு. யதுவின் கை சட்டைப் பைக்குள் போய், சிவப்புப் பைக்குள் போயிற்று. பிரஷாந்திக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

ஏழரைக்கு விதுர்ஷாவின் போன் சிணுங்கியது. கட்டாரில் இருக்கும் கணவன் நிதுர்ஷன். அங்கே அப்போது விடிகாலை ஐந்து மணி. வேலைக்கு பஸ் ஏறுமுன் மகள் சாப்பிடுவதைப் பார்க்காமல் போகமாட்டான். குசினிப் படியில் விதுர்ஷா அமர்ந்து, போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிட்டும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டத் தொடங்கினாள். போனில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது, பின்னால் பலகைச் சுவர். புது அறைக்கு மாறியிருக்கிறான் என்று யாரோ சொன்னது பிரஷாந்திக்கு நினைவு வந்தது.

“அப்பாவுக்கு ஒரு வாய்,” என்றான் நிதுர்ஷன். “இன்னொரு வாய். கட்டாருக்கு ஒரு வாய். ஓம், அப்படித்தான்.”

யது போனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிட்டுத் தட்டு வழித்துத் துடைத்தது போல் ஆயிற்று.

அப்போது பாணும் பணிசும் விற்கும் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. யோகராசாவின் ஓட்டோதான், அந்தக் கரகரத்த இசை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது இந்த வீதியால் போய் அரை மணித்தியாலம் ஆயிற்றே என்று பிரஷாந்தி ஒரு கணம் யோசித்தாள். திரும்பி வருகிறதாக்கும். அதைப் பற்றி அதற்கு மேல் நினைக்க அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

தேத்தண்ணி, பிஸ்கட், அதற்கு மேல் ஒரு தட்டுப் பிட்டு. எட்டு மணிக்குள். தகப்பனின் கண்ணுக்காக ஊட்டுகிற பிட்டு. அடி விதுர்ஷா, பிள்ளையை வைத்தா பரீட்சை பார்க்கிறாய் என்று என்னையா கேட்டாய்? பிரஷாந்திக்கு ஆறு நாள் வலி சட்டென்று லேசானது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

எட்டு மணிக்கு அவள் கணவன் விஜிதரன் வாளிகளையும் யதுவையும் ஓட்டோவில் ஏற்றினான். வளவுக்கு மாப்பிள்ளையாக வந்து பதினொரு வருசம். பிள்ளை இல்லாத வீட்டில் யதுதான் அவனுக்கும் எல்லாம். பிரஷாந்தி முன்னால் ஸ்கூட்டியில் போனாள். திரும்பிப் பார்த்தபோது, கடையடியில் ஓட்டோவை நிறுத்தி அவன் யதுவின் கையில் கடதாசியில் சுற்றிய ஒன்றைக் கொடுப்பது தெரிந்தது. உளுந்து வடை. அவன் இவளைக் காணவில்லை. இதுவும் கிடக்கட்டும் என்று குறித்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கௌபி, கூடவே கஞ்சியும் பப்பாசியும். பன்னிரண்டு மணிக்குச் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், ஒரு துண்டு மீன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் சிவப்புப் பை கட்டிய ஒரு பிள்ளை மட்டும் ஒவ்வொரு தரமும் பெரிய உத்தியோகத்தரைப் போல ஒரு சிப்பியை எடுத்து உள்ளே போட்டாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பொறாமை தாங்கவில்லை.

பகல் றுமானா மிஸ் வந்தார். கூட்டத்துக்கு நேரத்தோடு வந்துவிட்டதாகச் சொன்னார். உண்மையில் காரணம் தெரிந்துகொள்ளாமல் அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

“கண்டுபிடிச்சிட்டீங்களா டீச்சர்?”

“கிட்டத்தட்ட, மிஸ். வீட்டதான். தங்கச்சிதான்.”

றுமானா மிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பாய்களில் வரிசையாகக் கிடந்தார்கள்.

“நான் பதினாறு வருசமாப் புள்ளைகள நிறுக்கிறன். எந்த ஊட்டுக்குப் போனாலும் ஆரும் கூடுதலாக் குடுத்த எண்டு சொன்னதில்ல. எல்லாரும் கொஞ்சம்தான் குடுத்திரிப்பாங்க. கேட்டா சத்தியம் பண்ணுவாங்க, அது உண்மையும்தான்.”

“அப்ப எப்படி மிஸ் கூடுது?”

“கொஞ்சத்த எத்தின பேர் குடுக்கிறாங்க எண்டு ஒருத்தரும் பாக்கிறல்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்டு மட்டும் டீச்சர். புள்ளைக்கு முன்னால தடிச்சிற்று, மெலிஞ்சிற்று எண்ட கதையே வேணாம். பட்டினியும் வேணாம். நிறை இப்படியே நிண்டா போதும். உசரம் வளர வளர அது தானாச் சரிவரும்.”

இரண்டு மணிக்குக் குரக்கன் உருண்டை. இரண்டரைக்குச் சின்னப் பிள்ளைகளை வீடுகளில் விட விஜிதரன் ஓட்டோவோடு வந்தான். யதுவும் ஏறிக்கொண்டாள். இந்த வாரம் பிடித்த புதுப் பழக்கம் அது.

“இந்த வெயிலுக்க அவள் ஏன்?” என்று கேட்டாள் பிரஷாந்தி.

“காத்து வாங்கட்டும். சுத்திப்போட்டு வாறம்,” என்றான் விஜிதரன். அவளைப் பார்க்காமல் ஓட்டோவைக் கிளப்பினான்.

மூன்றே முக்காலுக்கு விதுர்ஷா வந்தாள். பிரதேச செயலகத்தில் அரை நாள் லீவு போட்டிருந்தாள். அக்காவை முகம் கொடுத்துப் பார்க்காமல் நிலையத்துக் குசினி வாசலில் நின்று, “யது எங்க?” என்று சுவரைக் கேட்டாள்.

“இப்ப வந்திருவாள். நீ உள்ள வா. உனக்கொண்டு காட்டவேணும்.”

ஓட்டோச் சத்தம் கேட்டது. யது ஓடிவந்தாள், காலெல்லாம் மணல். பிரஷாந்தி அவளைக் குசினி மேசையில் தூக்கி இருத்தி, சிவப்புப் பையை அவிழ்த்துக் கொடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “ஒவ்வொண்டா எடுத்து வை மனே. இது ஆரு தந்த, என்ன தந்த எண்டு சொல்லு.”

விதுர்ஷாவுக்கு விசயம் மெல்லப் புரிந்தது. அவள் வாய் இறுகியது.

யது ஒரு சிப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். “இது கஞ்சி. பெரியம்மா.”

பிரஷாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிள்ளை நிறுத்தவில்லை.

“இது கௌபி. பெரியம்மா. தேங்காய்ப்பூ போட்டது.” இரண்டாவது சிப்பி. “இது உருண்டை, பெரியம்மா. இது பப்பாசிப்பழம்.” கொஞ்சம் யோசித்தாள். “அதுவும் பெரியம்மா.”

நாலு சாம்பல் சிப்பிகள் ஒரு வரிசையில் கிடந்தன. பிரஷாந்தி அவற்றைப் பார்த்தாள். அவை இன்று காலை ஏழு மணிக்கு முன் நடந்தவை. அவள் கண் முன்னால், அவள் கையால்.

“இது அம்மா, தேத்தண்ணி. பிஸ்கட்டுக்கு வேற போடல்ல, சேத்துத்தான். இது பிட்டு.” ஆறு. “இது பெரியப்பா, வடை. இது இஞ்ச கௌபி. சோறு. உருண்டை.” பத்து.

விஜிதரன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

உப்புப் பார்ப்பதும் ஒரு சாப்பாடா என்று யாராவது கேட்டிருந்தால், இன்று காலைவரை பிரஷாந்தி சிரித்திருப்பாள். தை மாதத்தில் புதுச் சாப்பாட்டைத் தொடங்கினாள். பிள்ளைகளுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் முதலில் யதுவுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிடித்தால்தான் வாளி ஏறும். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. அவள் தேடித் தேடி அலுத்த இரண்டு கிலோ அவளுடைய அகப்பையிலிருந்துதான் வந்திருக்கிறது. யோகராசா சொன்னதும் சரி, பிள்ளையை வைத்துப் பரீட்சை என்று விதுர்ஷா சொன்னதும் சரி. புதுச் சாப்பாட்டால்தான் கோடு ஏறியது.

அதற்கு உள்ளே இன்னொன்றும் இருந்தது, அதையும் அவள் அப்போதே அறிந்தாள். உப்பு அவளுக்கே பார்க்கத் தெரியும். பதினொரு வருசமாகச் சமைக்கிறாள். ஒரு பிள்ளை தன் குசினிக்கு வந்து, தான் ஊதி ஆற்றிக் கொடுப்பதை வாங்கி, உதட்டை நக்கி, சரி என்று சொல்லும் அந்த ஒரு கணம் அவளுக்கு வேண்டியிருந்தது. உப்பு ஒரு சாட்டு.

“அக்கா,” என்றாள் விதுர்ஷா. ஆறு நாளுக்குப் பிறகு முதல் தடவை.

பிரஷாந்தியின் கண் நிறைந்துவிட்டது. “நான் உன்னப் பிடிக்கத்தான் இத வச்சன் தங்கச்சி. உண்மையாச் சொல்றன். உன்ட ரெண்டு சிப்பியத்தான் காலையில இருந்து எண்ணிக்கொண்டிரிக்கன்.”

விதுர்ஷா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “இவள் பிறக்கக்குள்ள ஒண்டே முக்காக் கிலோ. பால்மா வரிசையில நீதானே விடிய விடிய நிண்டனீ. அந்தப் புத்தகத்தில கோடு சிவப்புக்குள்ள கிடந்தத நான் ஒரு நாளும் மறக்கல்ல. கோடு மேல போறதப் பாத்தா எனக்குப் பயம் வரல்ல அக்கா, சந்தோசம்தான் வந்தது. அதாலதான் உன்னோட ஏறி விழுந்தன்.”

நாடே நெருக்கடியில் கிடந்த அந்த வருசத்தை யார் மறப்பார்கள்? அடுப்புக்கு எரிவாயு இல்லை, ஓட்டோவுக்கு எண்ணெய் இல்லை, பிள்ளைக்குப் பால்மா இல்லை. அந்தப் பயம் இரண்டு குசினிகளுக்குள்ளும் இன்னும் குந்திக்கொண்டிருந்தது. பொருள் வந்துவிட்டது, பயம் போகவில்லை.

வெளியே யோகராசாவின் குரல் கேட்டது. “டீச்சர், நாலு மணி.”

பிரஷாந்தி மேசையில் கிடந்த பத்துச் சிப்பிகளையும் கையில் அள்ளிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். சிவப்புப் பையை யது மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகளை உதவி ஆசிரியை வாவிக்கரைக்குக் கூட்டிப் போயிருந்தாள். பிரஷாந்தி நாலு சிப்பியைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

“பிழை எங்க எண்டு கண்டுபிடிச்சிட்டன். இந்த நாலும் என்ட கையால நான் குடுத்தது. நிலையத்தில இல்ல, என்ட குசினியில. உப்புப் பாக்கக் குடுத்தது. நான் அதச் சாப்பாடாவே நினைக்கல்ல.”

ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு அல்ல.

யோகராசா விடவில்லை. “அப்ப கௌபியில பிழையில்ல, டீச்சர்ட கையிலதான் பிழை.”

“ஓம். அதத்தான் சொல்றன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவரிடம் சண்டையை அப்படியே கையில் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? சிப்பிகளில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“என்ட பணிஸ் என்ன பாவம் செய்தது எண்டு நானும் மூண்டு மாசமாக் கேக்கிறன்.”

“பணிஸ் ஒரு பாவமும் செய்யல்ல,” என்றார் றுமானா மிஸ் பின் வரிசையிலிருந்து. “காலையில ஊட்டில ஒண்டு, பத்து மணிக்கு இஞ்ச ஒண்டு, பின்னேரம் உங்கட ஓட்டோ பாட்டோட வரக்குள்ள ஒண்டு. ஒவ்வொருத்தரும் ஒண்டுதான் குடுத்த.”

இந்த முறை யோகராசாவின் மனைவிதான் முதலில் சிரித்தாள். “எங்கட ரெண்டும் கடைக்குள்ளதானே வளருது,” என்றாள். “அதுகள்ர வாய் ஓய்ஞ்சிரிக்கிறத நான் கண்டதில்ல.”

யோகராசா தொண்டையைக் கனைத்தார். கையை நீட்டினார். “ரெண்டு பேருக்கு இருபது சிப்பி தாங்க டீச்சர். பாத்துப்போட்டுத்தான் கதைப்பன்.”

“நாப்பது தாங்க,” என்றாள் மனைவி.

சிப்பி வாளி மேசைக்கு வந்தது. கைகள் நீண்டன. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் யார் யார் கொடுப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள், பாதிப் பேர் மாமிமாரைக் குற்றம் சொன்னார்கள். அந்த இரைச்சலுக்குள் இன்னொரு மூன்று மாதத்துக்குக் கௌபியும் வாவிக்கரையும் தொடரும் என்று றுமானா மிஸ் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை யாரும் மறுக்கவில்லை. பிரஷாந்தி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

எல்லோரும் போனபிறகு அக்காவும் தங்கையும் குழாயடியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினார்கள். வாவியின் மேல் வெயில் தணிந்திருந்தது. விஜிதரன் வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நாளையில இருந்து உப்பு நானே பாக்கிறன்,” என்றாள் பிரஷாந்தி. “அவள் வரட்டும். வந்து முருங்கை இலை உருவட்டும். அதுக்கு வாய் தேவையில்ல.”

“நான் பிட்ட நிப்பாட்டிறன். ஒருக்காச் சாப்பிட்டாப் போதும்.” விதுர்ஷா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “அவருக்குத்தான் கவலையா இரிக்கும். அவ்வளவு தூரத்தில கிடந்து, பிள்ள வாயத் துறக்கிறதத்தானே பாக்கிறார். எப்படிச் சொல்றதெண்டு தெரியல்ல.”

யது வந்து பிரஷாந்தியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“பெரியம்மா, இன்னொண்டு இரிக்கி. நீங்க கேக்கல்ல.”

சிவப்புப் பைக்குள் கையை விட்டு ஒரு சிப்பியை எடுத்து நீட்டினாள். அது வாவிச் சிப்பி இல்லை. வெள்ளைச் சிப்பி, விளிம்பில் ரோசாக் கோடு. கிழக்கே கடற்கரை மணலில் கிடப்பது.

“நான் பத்துத்தானே தந்தன். இது ஏது மனே?”

“என்ட சிப்பி முடிஞ்சிற்று. முடிஞ்சிற்று எண்டு சொன்னன். அப்பா மண்ணில இருந்து எடுத்துத் தந்தவர்.”

விதுர்ஷா சிரித்தாள். “போனுக்குள்ளால தந்தவரா?”

“இல்ல. கையால. கொய்யாக்காய் தந்தவர். வெட்டி, உப்புப் போட்டு.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷாந்தி அதை மூடினாள். காலையில் கேட்ட பாண் ஓட்டோப் பாட்டு இப்போது அவள் காதுக்குள் திரும்ப ஒலித்தது. அது வீதியிலிருந்து வரவில்லை, போனிலிருந்துதான் வந்தது. பலகைச் சுவர். கடற்கரையில் மீனவர்கள் தங்கும் வாடிகளுக்குத்தான் பலகைச் சுவர். பிள்ளையின் காலில் மணல். பிள்ளையை அங்கே கூட்டிப்போன ஓட்டோவை வாசலில் துடைத்துக்கொண்டிருந்த விஜிதரனின் கை அசையாமல் நின்றுவிட்டது.

பெரியவர்களின் முகங்களைப் பார்த்து யதுவுக்கு ஏதோ பிழை நடந்துவிட்டதென்று விளங்கியது. உதடு பிதுங்கியது.

“அப்பா ஒருத்தருக்கும் சொல்லவேணாமெண்டவர்,” என்றாள். “சிப்பி போடவேணாமெண்டு சொல்லல்ல.”

விதுர்ஷா அந்தச் சிப்பியை மகளின் கையிலிருந்து வாங்கினாள். அதில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்து போனாள்.

“அத்தான்,” என்றாள். “ஓட்டோவ எடுங்க.”